மாதிரி வீட்டுக் கட்டில்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. உனக்கென்ன குறைச்சல்!

இனிமேல் நாம் இருவரும் போனில் பேசவே கூடாது, எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று உன் அண்ணன் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். எழுதினால் கோபம் தணியுமாம். எனக்கு எழுத எழுத ஏறுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்கோடியில் புதிதாக ஓர் அடுக்குமாடி கட்டுகிறார்கள். அதற்கு ஒரு மாதிரி வீடு திறந்திருக்கிறார்கள் என்று போன ஞாயிறு பார்க்கப் போனோம். வாங்க அல்ல, சும்மா பார்க்கத்தான். வாசலில் செருப்புக்கு மேல் ஒரு நீலப் பையை மாட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு பெண் கூடவே வந்தாள். படுக்கையறைக்கு வந்ததும், "மேடம், உங்களுக்கு எந்த ரூம் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். உங்கள் வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த அறையைச் சொல்லி மாளாது. கட்டில் போட்டும் சுற்றிலும் அவ்வளவு இடம். உள்ளே நின்றதும் உடம்பே லேசாகிவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அப்படி ஓர் அறை வேண்டும். மாடியில் உன் அறை பூட்டியே கிடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து தும்மிவிட்டுப் போகிறாய். சாவியை அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. பேனா தாளைக் கிழித்திருக்கும் அழகிலேயே தெரிகிறது.

சாவி தர முடியாது. வீடு எங்கள் இரண்டு பேருக்கும் என்றுதான் அப்பா எழுதிவைத்தார். நீங்களும் அண்ணனும் வீடு முழுக்க நடமாடுகிறீர்கள். எனக்கு இருப்பது அந்த ஓர் அறை. நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் போய்ப் படுக்க உலகத்தில் வேறு இடம் கிடையாது. அது பூட்டிக் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. மாதிரி வீடு பார்த்து மயங்கியதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். மாதிரி வீடுகளை அலங்கரித்து வைப்பதுதான் என் வேலை. திரைச்சீலை, கட்டில், பழத்தட்டில் வைக்கும் மெழுகுப் பழம்வரை நான் பார்த்துப் பார்த்து வைப்பவள். உங்கள் தங்கை கல்யாணத்தில், "நாத்தனார் எங்கயோ தலகாணிக்குப் பஞ்சு அடைக்கிறா" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. போகட்டும். இவ்வளவு ஆசைப்பட்ட நீங்கள், இது எப்படி, அது எப்படி என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டீர்கள். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

சுகம். நீயும் அப்படியே இரு.

உன்னைக் கேட்டால்தான் எனக்கு விமோசனமா? ஊரில் வீட்டு அலங்காரக் கண்காட்சி போட்டிருந்தார்கள். இரண்டு நாள் போனேன். முதல் நாள் தரை ஓடுகளும் சுவர்ச் சாயமும் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பேச்சு இருந்தது. பேசியவர் வீடுகளை வடிவமைப்பவராம். கறுப்புச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். "வீட்டுக்குத் தகுந்த மாதிரி நீங்க உங்களைக் குறுக்கிக்கிட்டு வாழக் கூடாது. உங்களுக்குத் தகுந்த மாதிரி வீடு இருக்கணும்" என்றார். கடைசியில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"எங்க வீட்டுக் கண்ணாடியில எனக்கு நெத்தி மட்டும்தான் தெரியுது. என்ன பண்றது?" என்றேன்.

சபை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "கண்ணாடியைக் கீழ இறக்கி மாட்டுங்கம்மா" என்றார்.

வந்ததும் வராததுமாக உன் அண்ணனிடம் சொன்னேன். "அது அப்பா மாட்டினது, இருக்கட்டுமே" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். உங்கள் குடும்பமே பனைமர உயரம். வீட்டில் கொக்கி, பரண், சமையல் மேடை எல்லாம் அந்த உயரத்துக்கு. படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் உச்சியில் இருக்கிறது. நான் உள்ளே இருந்து ஒரு நாளும் கதவைச் சாத்தித் தாழ்போட்டதில்லை. எட்டாது. கையில் ஸ்டூலோடு திரிகிறேன் என்று கல்யாணமான புதிதில் எனக்கு முக்காலி அண்ணி என்று பேர் வைத்தவள் நீ. ஊர் கூடிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அதற்கப்புறம் அந்த மாதிரி வீட்டுக்கு இன்னொரு தடவை போனேன். காவல்காரர் என்னை அடையாளம் கண்டு, "வாங்க" என்கிறார். உங்கள் வீட்டு வாசலில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

சாவி.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அண்ணிக்குச் சாவியை அனுப்பப் போகிறேன். ஆச்சரியப்படாதே. அவர் மயங்கிக் கிடக்கும் அந்த அறையைச் செய்தது வேறு கம்பெனிதான், ஆனால் இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரே பித்தலாட்டம்தான் செய்கிறோம். மாதிரி வீட்டுக் கட்டில் நிஜக் கட்டில் அல்ல. நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் குறைத்துச் சொல்லிச் செய்வோம். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாமே ஒரு சுற்று சிறிசு. சட்டையை மாட்டினால் அலமாரியைச் சாத்த முடியாது. அறைகளுக்குக் கதவே வைக்க மாட்டோம். கதவு திறக்கிற இடம் மிச்சமாகி அறை பெரிதாகத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை, சட்டை மாட்டிப் பார்ப்பதில்லை. அதனால் வண்டி ஓடுகிறது.

அதை அப்படியே காப்பியடித்து வீட்டில் செய்துகொண்டு ஒரு வாரம் படுத்துப் பார்க்கட்டும். கால் வெளியே தொங்கும்போது புத்தி வரும். அறை தானாக என்னிடம் திரும்பி வரும். கறுப்புச் சட்டைக்காரரைக் கேட்கத் தெரிகிறது, காவல்காரரிடம் குசலம் விசாரிக்கத் தெரிகிறது, என்னைக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. அனுபவிக்கட்டும்.

நீ வாயைத் திறந்தால் ஜென்மத்துக்கும் உன்னோடு பேச மாட்டேன்.

உன் தங்கை


மார்ச் 4

அண்ணிக்கு வணக்கம்.

நலம், நலமே விழைகிறேன். இந்தத் தடவை மனதாரத்தான் எழுதுகிறேன்.

சாவி இதனுடன் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், நீங்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மாதிரி அறையை ஓர் அங்குலம்கூட மாற்றாமல் அப்படியே செய்ய வேண்டும். கட்டில், அலமாரி, வாசல் எல்லாம் அதே அளவு. பாதியை மாற்றினால் மொத்த அழகும் போய்விடும். செய்து முடித்த பிறகு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அறை மறுபேச்சில்லாமல் என்னுடையது. சம்மதமா?

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 15

ஒட்டடைக்கம்புக்கு,

முதுகுவலி தேவலை. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடமும் பயம், அவளிடமும் பயம். நடுவில் நான் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கம்பெனியில் மாதிரி வீடுகளையெல்லாம் மூடிவிட்டு இனிமேல் கம்ப்யூட்டர் திரையிலேயே படமாகக் காட்டப் போகிறார்கள் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். நிஜமா? உன் வேலை என்னாகும்? மறக்காமல் பதில் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

சுகம். உன் அண்ணன் ஏதோ கேட்டு எழுதினாராம், நீ பதிலே போடவில்லை என்று புலம்புகிறார். அவருக்காவது ஒரு வரி எழுது.

நீ இவ்வளவு சுலபமாகச் சாவியைக் கொடுத்ததுதான் எனக்கு இடிக்கிறது. அன்புடன் என்று வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன். இருந்தாலும் சம்மதம்.

தச்சரைக் கூட்டிக்கொண்டு மாதிரி வீட்டுக்குப் போனேன். எனக்குத் தம்பி முறை என்று பொய் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். காட்டுகிற பெண் பால்கனியில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நீலப் பை மாட்டிய காலோடு குனிந்து நிமிர்ந்து அளவெடுத்தார். நான் திரைச்சீலையைத் தடவிக்கொண்டு காவல். அவருக்குத் திருப்தியே இல்லை. "அம்மா, இது பெரியவங்க படுக்கிற கட்டிலா, பசங்க படுக்கிறதா?" என்றார். "எழுதின பேப்பர் இருக்கு, அங்குலம் மாறக் கூடாது" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே எழுதிக்கொண்டார்.

உன் அறையில் கிடந்த பழைய கட்டில், பெட்டிகள், ஓட்டப்பந்தயக் கேடயங்கள், ஓடாத மின்விசிறி எல்லாம் கீழே முன்னறையில் இருக்கின்றன. ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. போட எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும்.

அண்ணி


மே 6

அண்ணிக்கு வணக்கம்.

நலம். அறை முடிந்ததா? படுத்துப் பார்த்தீர்களா? உடம்பு வலி ஏதும் இல்லையே? சீக்கிரம் எழுதுங்கள். எனக்கும் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருக்கிறது.

நாத்தனார்


ஜூன் 8

அண்ணிக்கு வணக்கம்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தோற்றதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனசு வரவில்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கட்டில் மனிதர் படுப்பதற்குச் செய்ததே அல்ல. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நாங்கள் எல்லாவற்றையும் சிறிதாகச் செய்து வைப்போம். சட்டையை மாட்டினால் அலமாரியைச் சாத்த முடியாது. கதவைக் கழற்றி வைப்போம். இதைத் தெரிந்துகொண்டேதான் அப்படியே செய்யுங்கள் என்று எழுதினேன். என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். நீங்கள் ஊர் உலகத்தையெல்லாம் கேட்டீர்கள்.

காலை மடக்கிப் படுத்தது போதும். பேசியபடி அறையைக் காலி செய்யுங்கள். அடுத்த மாதம் அங்கே வருகிறேன். கொஞ்ச நாள் தங்குவேன். அந்தக் கட்டிலைத் தூக்கிவிட்டு என் பழைய கட்டிலை மேலே ஏற்றிவைக்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள்.

நாத்தனார்


ஜூன் 19

நாத்தனாருக்கு,

ரொம்ப சுகம். இந்த வார்த்தையை நிஜமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மறுபடி சிரித்தேன். பதில் எழுதாததற்குக் காரணம் தோற்றது இல்லை. கொஞ்ச நாள் உன்னை நினைக்காமல் இருக்கலாமே என்றுதான்.

அடியே, நான் நான்கடி பத்து அங்குலம். அந்தக் கட்டில் எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தால் என் இரண்டு பாதமும் தரையில் படுகிறது. உங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பெண் மாதிரி கால் தொங்கும். நாற்காலியில் முதுகு சாய்கிறது. அலமாரியின் மேல்தட்டு கைக்கு எட்டுகிறது. சட்டை மாட்ட முடியாதாமே, நான் துணியை மடித்து வைப்பவள், மாட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அந்த மாதிரி வீட்டுக்குள் போனதும் உடம்பு ஏன் லேசாயிற்று என்று எனக்கே தெரியாமல் இருந்தது. நீ எழுதியதும்தான் புரிந்தது. என் அளவுக்கு நான் பார்த்த முதல் வீடு அது.

உன் அண்ணன் ஒரே ஒரு ராத்திரி படுத்தார். கால் இரண்டும் வெளியே. விடிந்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே பழைய அறைக்குப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் குறட்டை இல்லாமல் தூங்குகிறேன். அதற்கும் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றினேன். கதவு போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில், உள்பக்கம். நிபந்தனை மீறல் என்று வழக்குப் போடுவதானால் போடு.

வீடெல்லாம் அளந்து அளந்து வைக்கிறவள் நீ. முக்காலி, முக்காலி என்று இத்தனை வருஷம் கூப்பிட்டாய். எனக்குக் குழி வெட்டும்போது மட்டும் என் உயரம் எப்படி உன் ஞாபகத்துக்கு வராமல் போயிற்று? கட்டிலில் படுக்கப் போகிறவளாக உன் கண்ணில் தெரிந்தது நீதான். நான் ஆளாகவே தெரியவில்லை.

அறை எனக்கு ஒத்துவருகிறது. ஆகவே அது என்னுடையது. கொஞ்ச நாள் தங்க வருகிறேன் என்கிறாயே, கொஞ்ச நாள் என்றால் என்ன? ஏன் வருகிறாய் என்று எழுதவில்லை.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

நலமாக இல்லை. அதனால் நலம் என்று எழுதவில்லை.

வேலை போய்விட்டது. மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள். அண்ணன் கேட்டபோது எழுதக் கை வரவில்லை. நீங்கள் படிப்பீர்களே என்ற எண்ணம்தான். போன வாரம் கடைசி மாதிரி வீட்டைக் கலைத்தார்கள். நான் வைத்த கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். மெழுகுப் பழத்தை ஒருவர் கடித்துப் பார்த்துத் துப்பினார். நான் குடியிருக்கும் இந்த ஜாகையும் கம்பெனி கொடுத்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் எரிகிறது. நான் எறிந்த கல் உங்கள் மடியில் பூவாக விழுந்திருக்கிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம். உயரம் ஞாபகம் வராதது நிஜம்.

ஆனாலும் அது என் அறை. சின்ன வயதிலிருந்து நான் படுத்த அறை. எனக்குப் போக வேறு இடம் கிடையாது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீங்கள் கோபத்தில் படித்திருப்பீர்கள். அறையைக் கொடுத்துவிடுங்கள். கெஞ்சுவது எனக்கு வராது. இதுதான் எனக்குத் தெரிந்த கெஞ்சல்.

நாத்தனார்


ஜூலை 10

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா?

மேல் அறை கிடைக்காது. இன்னொரு தடவை கேட்காதே. கேட்டால் இன்னொரு தடவை இல்லை என்பேன். உன் பழைய கட்டிலின் ஒரு கால் உளுத்துக் கையோடு வந்துவிட்டது. அதையும் எதிர்பார்த்து வராதே.

கீழே முன்னறையை ஒழிக்கிறேன். உன் பெட்டிகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அது உன் அறை. நீ ஊரில் இல்லாத நாளிலும் உன் அறை. சாவி உன்னிடமே இருக்கும். என்னைப் போல ஒருத்தி நாளைக்குக் கேட்டாலும் கொடுக்காதே.

வியாழக்கிழமை தச்சர் வருகிறார். உன் உயரம் எவ்வளவு? உன் அண்ணனைக் கேட்டால், "என்னைவிடக் கொஞ்சம் கம்மி" என்கிறார். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கட்டில் செய்ய முடியாது. சுவரோரம் நின்று யாரையாவது விட்டு அளந்து எழுது. தலை ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? கொக்கி எந்த உயரத்தில் வேண்டும்? கண்ணாடி எங்கே? அலமாரியில் மாட்டுவாயா, மடிப்பாயா? எல்லாவற்றையும் எழுது. ஒன்றும் விடாதே.

மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ வந்ததும் சண்டை போடலாம், இனிமேல் தபால் செலவு மிச்சம். ஆனால் இந்த வீட்டுக்குள் பெட்டியோடு வந்த ஒரு பெண்ணிடம் உனக்கு எப்படி வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்.

வியாழனுக்குள் பதில் வர வேண்டும்.

அண்ணி